மாநாட்டுக்கு ஓர் ஏ3 தாளோடு போங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் தனியாக ஆர்க்கிடெக்ட் அலுவலகம் நடத்துகிறேன். சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டு நாள் கட்டடக்கலை மாநாடும் கண்காட்சியும் வருகின்றன. முன்பு ஒருமுறை இப்படிப் போய், பை நிறையக் கேட்டலாக்கும் ஒரு சான்றிதழுமாகத் திரும்பினேன். இப்போது ஏற்காட்டில் ஒரு வீட்டு வேலை ஓடுகிறது. சரிவை வெட்டிக் கட்டிய பின்சுவரில் ஓதம் நிற்கவே மாட்டேன் என்கிறது. சைட்டை விட்டுவிட்டு இரண்டு நாள் போவது தகுமா? போனால் எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: போங்கள். அந்தப் பின்சுவருக்காகவே போங்கள்.

போன தடவை கேட்டலாக் மட்டும் கிடைத்ததற்குக் காரணம், கேட்க வேண்டியதைக் கையில் எடுத்துப் போகாததாக இருக்கலாம். "ஓதத்துக்கு என்ன செய்யலாம்?" என்று ஸ்டாலில் நின்று கேட்டால் ஒரு டப்பாவின் பெயர்தான் பதிலாக வரும். எந்தச் சுவர், எவ்வளவு உயரம், பின்னால் என்ன மண், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிக் கேட்டால்தான் எதிரில் இருப்பவர் யோசிக்கத் தொடங்குவார்.

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஏற்காட்டில் ஒரு சோதனையை முடித்துவிடுங்கள். ஓதமுள்ள இடத்தில், பூச்சு கெட்டியாக இருக்கும் பகுதியாகப் பார்த்து, ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை வைத்து நான்கு விளிம்பையும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஈரச் சுவரில் டேப் பிடிக்காது; விளிம்பு வரும் இடத்தை மட்டும் துடைத்து, ஹேர் டிரையரால் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் அது மலை மூட்டத்தின் வேலை: ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. அதற்குக் காற்றோட்டம்தான் வழி. எத்தனை கோட் வாட்டர் ப்ரூஃபிங் அடித்தாலும் போகாது. தாளுக்கும் சுவருக்கும் நடுவே நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஏற்காட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம்.

அதோடு, உள்ளே ஓதம் தரையிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கிறது, வெளியே மண் எத்தனை அடி வரை சாய்ந்து நிற்கிறது என்று அளந்து இரண்டையும், சுவரைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரே செக்‌ஷனில் குறியுங்கள். அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்குள் உப்புப் பூத்த கோடாக நின்றுவிடும். அதற்கு மேலும் போய், வெளி மண்மட்டத்தோடு ஒத்துப்போனால் சரிவிலிருந்து வரும் தண்ணீர்.

தனியாக நிற்கும் தடுப்புச்சுவருக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வீப் ஹோல் (பின்னால் தேங்கும் தண்ணீர் வடியும் துளை) வைத்து, பின்னால் ஜல்லி நிரப்புவது வழக்கம். ஜல்லி இல்லாமல் மண்ணையே தள்ளி மூடினால் ஓரிரு மழைக்காலத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் வீட்டில் அறைச்சுவரே தடுப்புச்சுவராக நிற்கிறது போலிருக்கிறது. அங்கே வீப் ஹோல் வைத்தால் தண்ணீர் படுக்கையறைக்குத்தான் வரும். வெளிப்பக்கம் அடித்தள மட்டத்துக்கே இறங்கி, துளையிட்ட குழாயை ஜல்லிக்குள் பதித்து, சரிவு கொடுத்து வெளியேற்ற வேண்டும். சமவெளியில் வரைந்து பழகிய கை இதை எளிதாக விட்டுவிடும். இந்தக் குழாய் உங்கள் வரைபடத்தில் இருக்கிறதா, சைட்டில் உண்மையில் போட்டார்களா என்று போவதற்கு முன்பே மேஸ்திரியிடம் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரே ஏ3 தாளில் கொண்டுவாருங்கள். சுவர் செக்‌ஷன் 1:20, தரையும் சுவரும் சேரும் மூலை 1:5, இரண்டு புகைப்படம், ஓரத்தில் மூன்று கேள்வி. ஐந்து பிரதி போதும். லேமினேட் செய்யாதீர்கள், அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் பேசும்போதே பேனாவைக் கேட்பார், அவர் கிறுக்க இடம் வேண்டும். போனில் காட்டலாமே என்று தோன்றும். கூட்டத்தில் நின்றபடி 1:5 டீடெயிலைப் பெரிதாக்கிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. வீட்டுக்காரர் பெயரையும் சர்வே எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயர், கட்டடக்கலைக் கவுன்சில் பதிவு எண், ஜிஎஸ்டி எண் மூன்றையும் முதலிலேயே சரியாகக் கொடுங்கள். ரசீதில் உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் கட்டணத்தின் மேல் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுக்க முடியாது; பிறகு திருத்தி வாங்க அமைப்பாளர்கள் பின்னால் அலைய வேண்டும். வருமான வரியில் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் முறையில் நீங்கள் இருந்தால் இந்தச் செலவைத் தனியாகக் கழிக்க வழியில்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து இரண்டு உரை, ஒரு பட்டறை, ஒரு கட்டடப் பார்வை (கட்டடத்தை நேரில் போய்ப் பார்ப்பது) என்று முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். பெயர் பெற்றவர்களின் உரைகள் பல நேரம் பின்னால் யூடியூபுக்கு வந்துவிடும். பட்டறையும் கட்டடப் பார்வையும் வராது. கட்டடப் பார்வைக்கு பஸ்ஸில் இருக்கும் இடம்தான் கணக்கு, கட்டணம் கட்டும் அன்றே பதிந்துவிடுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனால் விடியுமுன் சென்ட்ரலில் இறங்குவீர்கள். குளித்துவிட்டு மெட்ரோவில் ஆலந்தூர் போனால் அங்கிருந்து நந்தம்பாக்கம் பக்கம்தான். தொடக்க விழாவுக்கு அவசரப்பட வேண்டாம். பொன்னாடைகள் போர்த்தி முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் ஸ்டால்கள் காலியாக இருக்கும், நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள் சும்மா நின்றுகொண்டிருப்பார்.

ஸ்டாலில் விற்பனைப் பிரதிநிதியைத் தாண்டி அந்தத் தொழில்நுட்ப ஆளைக் கேட்டு வாங்குங்கள். தாளை விரித்து, இந்தப் பூச்சு மண்பக்கம் அடிப்பதா, அறைப்பக்கம் அடிப்பதா என்பதை முதலில் கேளுங்கள். தார் வகை மெம்பரேனை (நீர் புகாத படலத்தை) அறைப்பக்கம் ஒட்டினால் பின்னாலிருந்து வரும் நீரின் அழுத்தமே அதைப் பிய்த்துத் தள்ளிவிடும். சிமென்டுக்குள் படிகமாக வளர்ந்து நுண்துளையை அடைக்கும் வகை அறைப்பக்கமும் வேலை செய்யும், ஆனால் பழைய பூச்சை முழுக்கக் கொத்தி கான்கிரீட்டை வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு, அடிக்கும்போது சுவரில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று கேளுங்கள். ஏற்காட்டில் மூட்ட மாதங்களில் கான்கிரீட் காய்வதே இல்லை. ஈரத்தின் மேல் தீ டார்ச்சால் சூடாக்கி ஒட்டிய மெம்பரேன் கொப்புளிக்கும். ஒரு கிலோ எத்தனை சதுர மீட்டருக்கு, காய்ந்தபின் கனம் எவ்வளவு, சேலத்தில் அடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் உண்டா, உத்தரவாதத்தில் எதெல்லாம் சேராது என்பதையும் தாளின் பின்பக்கமே எழுதிக்கொள்ளுங்கள். கேட்டலாக் வேண்டாம், தொழில்நுட்ப விவரம் உள்ள டேட்டா ஷீட்டை மட்டும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். கழுத்து அட்டையை ஸ்கேன் செய்யக் கொடுத்தால் மாதக்கணக்கில் போன் வரும். அதற்கென்று தனி எண் இருந்தால் நல்லது.

"எங்கள் பொருளை எழுதிக்கொடுத்தால் ஏதாவது செய்கிறோம்" என்று யாராவது சொல்வார்கள். 1989ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் தொழில் நடத்தை விதிகள், கமிஷன், தள்ளுபடி, பரிசு வாங்குவதைத் தடுக்கின்றன. வெளியூர்ச் சுற்றுலா என்று வந்தாலும் அது பரிசுதான்.

உரை முடிந்து மைக் கைக்கு வந்தால் பாராட்டுரை ஆற்றாதீர்கள். "இந்தக் கட்டடம் எத்தனை மழைக்காலம் பார்த்துவிட்டது? அதற்குள் எதைச் சரிசெய்ய வேண்டி வந்தது?" என்ற இரண்டே கேள்வி போதும். திரையில் வரும் அழகான படத்தில் இல்லாதது அந்தப் பதிலில் வரும். முதல் நாள் இரவு விருந்தைத் தவறவிடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல், வயநாடு பக்கம் கட்டியவர்கள் யார் என்று விசாரித்து, அவர்கள் தட்டை வைத்ததும் தாளை நீட்டுங்கள்.

திரும்பி வந்த மூன்று நாளுக்குள், யார் எதைக் கிறுக்கினார் என்று ஒவ்வொரு பிரதியிலும் பெயர் எழுதிவிடுங்கள்; பிறகு எல்லாக் கையெழுத்தும் ஒன்றாகத் தெரியும். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனால் அதை முழுச் சுவருக்கும் எடுத்துப்போகாமல், முதலில் வெளி வடிகாலைச் சரிசெய்து, உள்ளே ஒரு மீட்டர் சதுரத்தில் மட்டும் பூசிப் பாருங்கள். பின்பக்கம் பள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீர் விட்டு, அதே பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதை முடித்துவிட்டால், தவறாகப் போனாலும் ஒரு மீட்டர்தான் கொத்த வேண்டியிருக்கும்.