பாஸ் மீனும் தூண்டிலும்: டெக்சாஸ் ஏரிக்கரைக் கேள்வி பதில்

நான் டல்லாஸுக்கு வடக்கே இருப்பவன். பதினான்கு வருடமாக இந்தப் பக்கத்து ஏரிகளில் பாஸ் பிடிக்கிறேன். அதில் முதல் இரண்டு வருடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அப்போது பிடிக்கவில்லை, கரையில் நின்றேன், அவ்வளவுதான். பாஸ் என்று இங்கே சொன்னால் லார்ஜ்மவுத் பாஸ், பெரிய வாய்க்காரன். நம் ஆட்கள் கேட்டு அனுப்பிய கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மூன்று கேள்விகள் ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, போன வாரம் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன். சுவர் முழுக்க லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை), எல்லாமே நல்லதாகத் தெரிகிறது. முதலில் என்ன வாங்க? (ஆலன்)

வாங்காமல் வந்ததே நல்லது தம்பி. அந்தச் சுவரில் பாதி மீனைப் பிடிப்பதற்காகத் தொங்கவில்லை, நம்மைப் பிடிப்பதற்காகத் தொங்குகிறது.

ஏழடி ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கோல்) ஒன்று, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். பவர் என்றால் ராடு எவ்வளவு விறைப்பு என்பது, ஆக்‌ஷன் என்றால் அது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது, ஃபாஸ்ட் என்றால் நுனியில் மட்டும் வளையும். அதற்கு 2500 அல்லது 3000 அளவில் ஒரு ரீல், அதாவது நூல் சுற்றும் உருளை. அப்புறம் ஐந்து அங்குல ரப்பர் புழு ஒரு பாக்கெட், சென்கோ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 3/0 ஆஃப்செட் முள், 3/16 அவுன்ஸ் புல்லட் ஈயம், ஒரே ஒரு ஸ்பின்னர்பெய்ட், அதாவது தகடு சுழலும் லூர். இதோடு வெளியே வந்துவிடு.

ஏன் இவ்வளவு போதும் என்கிறேன் என்றால், பாஸ் இரை தேடி ஏரி முழுக்க அலையும் மீன் இல்லை. விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறைத் தூண், பாசி முடியும் ஓரம், இப்படி ஏதாவது ஒன்றின் நிழலில் பூனை மாதிரி பதுங்கி இருக்கும், வாய்க்குப் பக்கத்தில் எதுவும் வந்தால் ஒரே உறிஞ்சு. அதனால் எதைப் போடுகிறாய் என்பதைவிட எங்கே போடுகிறாய் என்பதுதான் பெரிய கேள்வி. புதிதாக வருகிறவர் எல்லாரும் பலம் கொண்ட மட்டும் ஏரி நடுவே வீசுவார்கள், மீன் அவர்கள் காலடியிலிருந்து பத்தடியில் கரையோரக் கோரைக்குள் இருக்கும். நான் இரண்டு வருடம் செய்த வேலை அதுதான்.

டெக்சாஸ் ரிக் கட்டத் தெரியும், ஆனால் மீன் கடித்ததே தெரிவதில்லை. இழுத்துப் பார்த்தால் புழுவின் வால் பிய்ந்திருக்கிறது. (ஹூஸ்டன்)

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நரம்பில் (தூண்டில் நூலில்) முதலில் புல்லட் ஈயம், அப்புறம் முள், முள்ளின் முனை புழுவின் உடம்புக்குள் மறைந்திருக்க வேண்டும். முனை வெளியே தெரியாததால் மரக்கிளை, பாசி எதிலும் மாட்டாமல் ஊர்ந்து வரும்.

இப்போது கடி. ஊரில் தக்கை முங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் சிக்கல், இதில் தக்கையே இல்லை. வீசிய பிறகு புழு இறங்கும் நேரத்தில்தான் பாதிக் கடி விழும், அப்போது நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நரம்பைப் பாருங்கள். பத்தடி ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றடியிலேயே நரம்பு தளர்ந்து நின்றுவிட்டால் மீன் வாயில் வாங்கியிருக்கிறது. பக்கவாட்டில் நகர்ந்தாலும் மீன்தான். சில சமயம் யாரோ நரம்பை விரலால் சுண்டியது போல ஒரே ஒரு ‘டக்’. சில சமயம் அதுவும் இருக்காது, ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம், அவ்வளவுதான்.

உணர்ந்ததும் ராடு நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள், தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுங்கள், அப்புறம் பலமாக மேலே சுண்டுங்கள். முள் முதலில் ரப்பரைத் துளைத்து அப்புறம் தாடையைத் துளைக்க வேண்டும், மென்மையாக இழுத்தால் நடக்காது. ஆனால் இதே வேகத்தை மும்முனை முள் உள்ள கிராங்க்பெய்ட்டில் (இழுக்கும்போது ஆடி நீந்தும் மீன் வடிவ லூர்) காட்டினால் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதற்குச் சுண்டவே வேண்டாம், நிறுத்தாமல் சுற்றினாலே போதும். வால் மட்டும் பிய்கிறது என்றால் பெரும்பாலும் அது பாஸ் இல்லை, கையகல ப்ளூகில் பொடிகள் கொத்துகின்றன.

நரம்புக்கு மோனோ, ஃப்ளூரோ, பிரெய்ட். எது? (இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

ஊரில் தங்கூசி என்று நாம் சொன்னதுதான் மோனோ. கொஞ்சம் நீளும், மிதக்கும், விலை குறைவு. ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தண்ணீருக்குள் அதிகம் தெரியாது, கல்லில் உரசினாலும் தாங்கும். பிரெய்ட் பின்னல் நூல், நீளவே நீளாது, பாசியை அறுத்துக்கொண்டு வரும், ஆனால் தெளிந்த நீரில் கயிறு போலத் தெரியும்.

நான் ஸ்பின்னிங் ரீலில் 15 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்ட் சுற்றி, நுனியில் ஆறேழு அடிக்கு 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோ கட்டுவேன். தண்ணீர்மேல் ஆடிவரும் டாப்வாட்டர் லூருக்கு மட்டும் ஃப்ளூரோ வேண்டாம், அது மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். முள்ளில் கட்ட பாலோமர் முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும்: நரம்பை இரட்டையாக்கி முள்ளின் காதில் நுழைத்து, சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நரம்பை அப்படியே இறுக்கினால் சூடேறி அந்த இடமே பலவீனமாகிவிடும்.

பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வீச்சுக்கும் குருவிக்கூடு. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (இர்விங்)

கொடுக்காதீர்கள், எல்லாரும் கடந்து வந்ததுதான். லூர் பறக்கும் வேகத்தைவிட ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழலும் வேகம் அதிகமானால் நரம்பு உள்ளேயே கும்மியடித்துச் சிக்காகும். பக்கத்தில் இருக்கும் பிரேக்கை முழுதாக வையுங்கள். கைப்பிடிப் பக்கத்துச் சின்னத் திருகை இறுக்கி, பட்டனை அழுத்தினால் லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்க வேண்டும். அதுவரை திருகிப் பாருங்கள். மீதி வேலை கட்டைவிரலுக்கு: லூர் தண்ணீரைத் தொடும் நொடியில் விரல் ஸ்பூலை அமுக்கியிருக்க வேண்டும்.

அரை அவுன்ஸ் எடையைக் கட்டி (முள் இல்லாமல்) புல்வெளியில் ஒரு வாரம் வீசிப் பழகுங்கள். எதிர்காற்றில் வேண்டாம். சிக்கு விழுந்தால் உடனே நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் உருவுங்கள், பத்தில் ஏழு தடவை அவிழ்ந்துவிடும். மிச்சம் மூன்றுக்குக் கத்தரிக்கோல்.

என்ன கலர் அண்ணா போடணும்?

தெளிந்த தண்ணீருக்குக் கிரீன் பம்ப்கின், அதாவது பாசிப்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். மழை பெய்து ஏரி டீ மாதிரி ஆகிவிட்டால் கருப்பும் நீலமும். கலங்கலில் கண்ணைவிட அதிர்வைத்தான் மீன் நம்பும், அதனால் ஸ்பின்னர்பெய்ட்டில் நீளத் தகடு இருந்தால் கழற்றி வட்டத் தகடு போடுங்கள், அது ‘தொம் தொம்’ என்று அதிரும். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் டெக்சாஸில் ஒரு சிவப்புப் பைத்தியம் உண்டு: சிவப்பு லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டைப் பாசிக்கு மேலே ஓட்டி, பாசியில் லேசாக மாட்டியதும் வெடுக்கென்று பிடுங்குவது. அந்தப் பிடுங்கலில்தான் அடி விழும். மற்றபடி கலரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மீன் கிடைக்காத நாளில்தான் பேசுகிறார்கள், நானும் சேர்த்து.

ஜூலையில் ஒரு மீன்கூட இல்லை. காலை பத்து மணிக்குப் போய் மூன்று மணிவரை நின்றேன். (ஃப்ரிஸ்கோ)

அந்த வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றதற்கே உங்களுக்கு ஏதாவது கொடுக்கலாம். கோடையில் விடியும் முன்னே போய் எட்டரை மணிக்குக் கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம். வெளிச்சம் ஏறும்வரை கரையோரம் டாப்வாட்டர், ஏறியதும் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். கரையில் நிற்பவர்களுக்கு அணைக்கட்டின் கற்சரிவு நல்லது, ஏனென்றால் ஆழம் பக்கத்திலேயே இருக்கும். அங்கே கரோலினா ரிக்: கனமான ஈயம் தரையில் உருளும், இரண்டு மூன்றடி பின்னால் புழு மிதந்தபடி வரும். இழுக்க வேண்டும், தூக்கக் கூடாது. மெதுவாக என்றால் உங்களுக்கே அலுப்புத் தட்டும் அளவுக்கு மெதுவாக.

நான் தஞ்சாவூர்க்காரன், விரால் பிடித்துப் பழகிய கை. இங்கே அல்லிக்குள் ரப்பர் தவளை போட்டால் பாஸ் பாய்கிறது, ஆனால் மாட்டுவதில்லை.

நீங்கள் பாதி பாஸ் வேட்டைக்காரர், உங்களுக்கே தெரியவில்லை. செடிக்குள் பதுங்கித் தலைக்கு மேல் போவதை அடிப்பதில் இரண்டும் பங்காளிகள். தண்ணீர் வெடித்த சத்தத்துக்குச் சுண்டுகிறீர்கள், அதுதான் தப்பு. நிறுத்தி, தவளை காணாமல் போய்விட்டதா என்று பார்த்து, நரம்பில் கனம் ஏறியதும் இழுங்கள். ராடு ஹெவி, நரம்பு 50 பவுண்டு பிரெய்ட்டுக்குக் குறையக் கூடாது, மாட்டிய நொடியே தலையைச் செடிக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். தவளையின் இரட்டை முள்ளைக் குறட்டால் ஒரு நூலளவு வெளிப்பக்கம் விரித்துப் பாருங்கள். இன்னொன்று, பாஸின் வாய்க்குள் தைரியமாகக் கட்டைவிரல் விடலாம், பல் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஊருக்குப் போய் விராலின் வாயில் விரலை விட்டுவிடாதீர்கள்.

தம்பி, வீட்டுக்காரர் நாலரை மணிக்கு எழுந்து போய்விட்டு வெறுங்கையோடு வருகிறார். கேட்டால் பிடித்தேன், விட்டுவிட்டேன் என்கிறார். பிடித்த மீனை யாராவது விடுவார்களா? பாஸ் குழம்புக்கு ஆகாதா?

அக்கா, அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸில் பெரும்பாலான ஏரிகளில் பாஸ் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டே ஆக வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்துதான். லேக் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை எல்லாவற்றையும் விட வேண்டும். மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992-ல் அங்கே கிடைத்ததுதான். அதைப் பிடித்தவர் கிராப்பி மீனுக்காகச் சின்ன மீனைக் கோத்துப் போட்டிருந்தார், பாஸ் லூர் எதுவுமே இல்லை, இதை லூர் வாங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், ஆனாலும் வாங்குவேன்.

சதை வெள்ளையாக, மணமில்லாமல் நன்றாகவே இருக்கும். வறுவலுக்கு ஆகும். குழம்புக்கு இந்த ஊர்க் கெளுத்தியே மேல். வறுக்கத்தான் வேண்டும் என்றால் கிராப்பி பிடித்துவரச் சொல்லுங்கள், 10 அங்குலத்துக்கு மேல் ஒரு நாளைக்கு 25 வரை எடுக்கலாம், பாஸைவிட ருசி. பெரிய பெண் பாஸ்களை நான் விட்டுவிடுகிறேன், அந்த அளவு வளரப் பல வருடம் பிடிக்கும். விடும்போது கையை நனைத்துக்கொண்டு வயிற்றுக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள், தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் மீனுக்குச் சேதம்.

மகனுக்குப் பதினொரு வயது. லைசென்ஸ் வேண்டுமா?

பதினேழு வயதுக்குக் கீழே வேண்டாம். கூடப் போகிற நீங்களும் தூண்டில் பிடித்தால் உங்களுக்கு வேண்டும். ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்து பிடித்தால் யாருக்கும் வேண்டாம், ஜோ பூல் ஏரியில் சீடர் ஹில் பார்க் அப்படி ஓர் இடம். வழக்கமான வருட லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும், ஜூலையில் வாங்கி வருடம் முழுக்க ஓட்டலாம் என்று நினைத்து நான் ஒரு தடவை ஏமாந்தேன். பையனுக்கு பாஸ் வேண்டாம் இப்போதைக்கு, தக்கையும் மண்புழுவும் கொடுத்து ப்ளூகில் பிடிக்க விடுங்கள். முள்ளின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கயாக் (சின்னத் துடுப்புப் படகு) வாங்கலாமா?

வாங்கலாம். ஒவ்வொரு தடவையும் ஏரியை விட்டுக் கிளம்பும் முன் அதில் இருக்கும் தண்ணீரைச் சொட்டில்லாமல் வடித்துவிடுங்கள். 2009-ல் டெக்ஸோமா ஏரியில் தென்பட்ட ஜீப்ரா மஸல் என்ற சிப்பி இப்படித்தான் படகோடு ஏரி ஏரியாகப் போகிறது, வடிக்காமல் போவது சட்டப்படியும் குற்றம்.

சென்னையில் பாஸ் கிடைக்குமா அண்ணா?

இது கிடைக்காது. பழவேற்காடு, முட்டுக்காடு பக்கம் கொடுவா இருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் ஏசியன் சீபாஸ் என்பார்கள், பெயரில் மட்டும்தான் சொந்தம். ஆனால் பதுங்கி அடிப்பதில் அதுவும் இதே ரகம், மேலே எழுதியதில் பாதி அதற்கும் பொருந்தும். செவுள் ஓரம் மட்டும் ஜாக்கிரதை, கத்தி மாதிரி அறுக்கும்.

லூர் மரத்தில் மாட்டினால் எப்படி எடுப்பது? ஒரே நாளில் ஆறு போய்விட்டது. (ஆஸ்டின்)

முதலில் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க உள்ளே போகும். நரம்பைத் தளர்த்தி ராடு நுனியை ஆட்டுங்கள். வரவில்லையா, கரையில் இருபதடி நடந்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்டுங்கள். அதுவும் ஆகாவிட்டால் ராடை நேராக நீட்டி ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள், முள் விரிந்து வரும் அல்லது நரம்பு அறும். பிரெய்ட்டைக் கையில் சுற்றி இழுக்கவே வேண்டாம், என் வலது கை ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆறு லூர் போயிற்று என்றால் மீன் இருக்கிற இடத்தில்தான் வீசியிருக்கிறீர்கள், எந்த ஏரி என்று மட்டும் சொல்லுங்கள்.