மகர ராசிக்கு ஆடா, முதலையா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "மகளுக்கு மகர ராசி. பிறந்தநாளுக்கு ராசிச் சின்னத்தோடு ஒரு பதக்கம் செய்யலாம் என்று செட்டியார் தெருவுக்குப் போனோம். கடையில் காட்டியதெல்லாம் ஆடு. மாமியோ மகரம் என்றால் முதலை என்கிறார். எதைச் செய்யச் சொல்வது?"

சொல்லை வைத்துப் பார்த்தால் மாமி பக்கம்தான் நியாயம். மகரம் வடமொழிச் சொல். அதற்கு ஆடு என்ற பொருளே இல்லை. அது ஒரு நீர்விலங்கு. முதலை என்பார்கள், தமிழில் சுறா என்றும் கொண்டார்கள். தை மாதத்துக்குச் சுறவம் என்று பெயர் வந்தது இந்த ராசியால்தான். அடுத்த முறை ஒரு விகாரைக்குப் போனால் வாசலுக்கு மேலே வளைவாக இருக்கும் மகர தோரணத்தைக் கிட்ட நின்று பாருங்கள். துதிக்கைபோல மேலே சுருண்ட மூக்கு, பல் தெரியும் முதலை வாய். ஆட்டின் சாயல் துளியும் இராது.

அப்போ ஆடு எங்கிருந்து வந்தது? பாபிலோனியர் அந்த விண்மீன் கூட்டத்தை முன்பாதி ஆடு, பின்பாதி மீன் என்று கண்டார்கள். கிரேக்கர் வைத்த 'ஐகோகெரோஸ்' என்ற பெயருக்கு 'ஆட்டுக்கொம்பு உடையது' என்று பொருள். லத்தீனின் காப்ரிகார்னும் அதேதான். பெயரில் மீன் விடுபட்டதால் நகைகளில் பல சமயம் வாலும் விடுபட்டுப்போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் என்ற வானியலாளர் எழுதிய பிருகத் ஜாதகம் என்ற சோதிட நூலில் இந்த ராசிக்கு 'ஆகோகேரம்' என்றொரு பெயர் உண்டு. கிரேக்கப் பெயரேதான், வடமொழி உச்சரிப்பில். அதே நூல் மகரத்தை மான்முகம் கொண்டது என்கிறது. இரண்டு மரபும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டன.

ஆகவே கொம்புள்ள தலை, மீன் வால் என்று செய்யச் சொல்லுங்கள். மாமிக்கும் மனம் கோணாது. கொம்பு முதுகோடு ஒட்டியிருக்கட்டும். நீட்டிக்கொண்டிருந்தால் சட்டையில் கொளுவும்.

இன்னொன்று. ஆங்கிலப் பத்திரிகையில் டிசம்பர் 22 முதல் ஜனவரி 19 வரை என்று போடுவது சூரியனை வைத்து. சிங்களப் பத்திரிகையில் லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்துக்கொண்டிருந்த ராசி. நம்மவர் ராசி என்பது பிறந்தபோது சந்திரன் நின்ற இடம். உத்திராடம் 2, 3, 4ஆம் பாதம், திருவோணம், அவிட்டம் 1, 2ஆம் பாதம் என்றால்தான் மகரம். சாதகக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.