முதலில் வைஸ், அப்புறம்தான் மேசை

கேள்வி: ஐயா, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இப்போது தச்சு வேலையில் இறங்கியிருக்கிறேன். பழைய சாப்பாட்டு மேசையில், கட்டையைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் வைஸை மாட்டியிருக்கிறேன். இழைக்கும்போது மேசையே நகர்ந்து போகிறது. புதிதாகப் பட்டறை மேசை செய்யலாம் என்றால், மறுநடவுக்குச் சாய்த்த பால்மரத்தில் (ரப்பர் மரம்) அறுத்த பலகை சும்மா கிடைக்கிறது. அது சரிவருமா? வைஸை எப்படிப் பொருத்துவது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அந்தப் பலகை வேண்டாம் ஐயா. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம், அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைக்காவிட்டால் நீலம் பூக்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். மருந்தேற்றிய பால்மரப் பலகை கடையில் கிடைக்கிறது, அதை ஒட்டி 3 அங்குல கனத்தில் மேல்பலகை செய்தால் அருமையாக இருக்கும். கால்களுக்குப் பழைய வீடு இடிக்கிற இடத்தில் செங்கால் (chengal) மரத் தூண் கிடைத்தால் விடாதீர்கள். கனமான மரம், கரையான் லேசில் தொடாது. ஆனால் துளை போடாமல் திருகு இறக்கினால் திருகுதான் உடையும்.

நீளம் 6 அடி, அகலம் 2 அடி போதும். உயரத்துக்குச் செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். கீழே ஒரு தட்டு அடித்து மணல் மூட்டை ஏற்றிவிட்டால் மேசை அசையாது.

வைஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மேசையை முடித்துவிட்டு வைஸ் தேடப் போனால், அதன் திருகுத்தண்டு வந்து நிற்கிற இடத்தில் மேசைக்கால் இருக்கும், இல்லாவிட்டால் குறுக்குச் சட்டம் இருக்கும். வைஸைக் கையில் வைத்துக்கொண்டு, முழுக்கத் திறந்து மூடி அளவெடுத்த பிறகே காலுக்குக் கோடு போடுங்கள். வலது கைக்காரர் என்றால் முன்பக்க வைஸ் இடது மூலையில், காலை ஒட்டி வரவேண்டும்.

மேல்பலகையைத் தரையில் குப்புறப் போட்டுப் பொருத்துங்கள். அந்தக் கனமான இரும்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டு முடுக்க முடியாது. உள்தாடையின் (வைஸில் மேசைப் பக்கம் அசையாமல் நிற்கும் பிடி) முகம் மேசை விளிம்போடு ஒரே மட்டமாக இருக்கவேண்டும், அதற்குத் தாடையின் கனம் அளவுக்கு விளிம்பில் உளியால் குடைந்து அதை உள்ளே இறக்குங்கள். முன்கால்களும் அதே மட்டத்தில் நின்றால்தான் நீளமான பலகையின் விளிம்பை இழைக்கும்போது பலகை மேசையோடு ஒட்டி நிற்கும். இரும்புத் தாடையின் மேல்முனை மேசை மட்டத்துக்கு அரை அங்குலம் கீழேயே இருக்கட்டும், மேல்பலகை கனம் போதாவிட்டால் வைஸுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கட்டை வையுங்கள். பிறகு இரண்டு தாடைக்கும் மேசை மட்டம் வரை மரப்பலகை மாட்டிவிட்டால், இழைப்புளி தகடு இரும்பில் இடிக்காது, வேலைப் பலகையிலும் தழும்பு விழாது. மரத்திருகை நம்பாதீர்கள், மேலிருந்து ஊடுருவும் போல்ட்டு, அடியில் பெரிய வாஷர், போல்ட்டுத் தலை மரத்துக்குள் புதையவேண்டும்.

இன்னொன்று. நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அகலமான பலகை விரிந்து சுருங்கும். முன்கால் பக்கம் இறுக்கமாக முடுக்கிவிட்டு, பின்பக்கத் துளைகளை மட்டும் முன்பின்னாகக் கொஞ்சம் நீட்டி விடுங்கள். அசைவெல்லாம் பின்னால் போய்விடும், முன் விளிம்பு காலோடு மட்டமாகவே நிற்கும்.

கேள்வி: வைஸின் ஓரத்தில் மட்டும் கட்டையைப் பிடித்தால் தாடை கோணிக்கொள்கிறது, கட்டையும் நழுவுகிறது. வைஸ் பழுதா?
– வாசகி, பீடோர்

பதில்: பழுதில்லை அம்மா, திருகு நடுவில் இருப்பதால் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் எந்த வைஸும் கோணும். மறு ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டுக் கட்டையைக் கொடுத்து முடுக்குங்கள். கால் அங்குலம், அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று சில துண்டுகளை அறுத்து, அளவை எழுதி மேசைக்காலில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் தேட வேண்டியதில்லை.

கேள்வி: மகளுக்கு இடதுகைப் பழக்கம். அவளுக்கும் வைஸ் இடது பக்கம்தானா?
– வாசகர், லூனாஸ்

பதில்: இல்லை, வலது மூலையில் மாட்டுங்கள். மேசை உயரமும் அவள் மணிக்கட்டு அளவுக்கே இருக்கட்டும், உங்கள் அளவுக்கு வேண்டாம்.