ஹைபிரிட் எஸ்யூவி புக் பண்ணிட்டு காத்திருக்கீங்களா? வாசகர் கேள்வி பதில்

கார் பத்தி நமக்கு வர்ற லெட்டர்ல இப்பல்லாம் லக்ஸுரி ஹைபிரிட் எஸ்யூவி, அதாவது பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேந்து ஓட்டுற பெரிய வண்டி பத்தித்தான் நெறைய பேர் கேக்குறாங்க, அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

சார், லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச் புக் பண்ணிருக்கேன். நான் கேட்ட கலரும் நடு வேரியண்ட்டும் வர இன்னும் சில மாசம் ஆகும்னு சொல்றாங்க. ஆனா அதே வண்டியோட எஃப் ஸ்போர்ட் வேரியண்ட் ஒண்ணு ஸ்டாக்ல இருக்கு, உடனே எடுத்துக்கோங்கன்னு தினமும் போன் வருது. வீட்டுலயும் காத்திருக்க பொறுமை இல்ல. எடுத்துரலாமா?
*வாசகர், அண்ணாநகர்*

அவசரப்படாதீங்க சார். இந்த வண்டி ஜப்பான்ல தயாராகி கப்பல்ல வருது, அதனால டீலர் கைல எது இருக்கோ அதத்தான் முதல்ல தள்ளிவிடப் பாப்பாங்க, அது அவங்க வேலை. நீங்க எட்டு பத்து வருஷம் ஓட்டப்போற வண்டிக்கு நாலு மாச வெயிட்டிங் ஒரு விஷயமே இல்லன்றது என் கருத்து.

அப்படியும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா நேர்ல போய் வண்டிய பாருங்க. முதல்ல படிவம் 22 காட்ட சொல்லுங்க, எந்த மாசம் எந்த வருஷம் தயாராச்சுன்னு அதுல இருக்கும். அப்புறம் குனிஞ்சு டயரோட பக்கவாட்டுல பாருங்க, சின்ன வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 1425ன்னு இருந்தா 2025ல 14வது வாரம் தயாரான டயர்னு அர்த்தம். ரொம்ப நாள் யார்டுல நின்ன வண்டின்னா அங்கயே தெரிஞ்சுரும். போன வருஷம் தயாரான வண்டின்னா பின்னாடி விக்கும்போது ஒரு வருஷம் பழசாத்தான் மதிப்பாங்க, அந்த நஷ்டத்த இப்பவே தள்ளுபடியா கேட்டு வாங்கணும்.

இன்னொண்ணு வீல். இந்த மாடல்ல 18 இன்ச், 20 இன்ச்னு ரெண்டு சைஸ் உண்டு, எஃப் ஸ்போர்ட்ல வர்றது 20. டயர் சைஸ் 235/60 ஆர்18ன்னா ரப்பரோட உயரம் 14 சென்டிமீட்டர், 235/50 ஆர்20ன்னா பன்னெண்டுக்கும் கொஞ்சம் கம்மி. பாக்க 20 இன்ச் அழகா இருக்கும், ஆனா மெட்ரோ வேலை நடக்குற ரோட்டுல ராத்திரி ஒரு குழில விட்டீங்கன்னா ரெண்டு சென்டிமீட்டர் ரப்பர் இருக்கா இல்லையான்றதுதான் ரிம் வளையுமா வளையாதான்னு முடிவு பண்ணும். நீங்க புக் பண்ணுன வேரியண்ட்ல எந்த வீல்னு கேட்டுக்கோங்க.

வணக்கம். ஐரோப்பிய கம்பெனி ஒண்ணோட ஹைபிரிட் எஸ்யூவிக்கு ஆர்டர் குடுக்கப்போறேன். ஆப்ஷன் லிஸ்ட்டே பல பக்கம் இருக்கு. எல்லாத்தயும் டிக் பண்ணுனா பத்து லட்சத்துக்கு மேல போகுது. எது தேவ, எது தேவயில்ல?
*வாசகர், கோயம்புத்தூர்*

நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான், பின்னாடி போட முடியாதத ஃபேக்டரிலயே வாங்குங்க, பின்னாடி போட முடியுறத இப்ப தொடவே தொடாதீங்க. ஏன்னா ஆப்ஷன் விலை அதோட நிக்கிறதில்ல. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு ரோடு டாக்ஸ் 20 சதவீதம். நாலு லட்சத்துக்கு ஆப்ஷன் சேத்தீங்கன்னா பில் விலை கூடி ரோடு டாக்ஸே எண்பதாயிரம் ஏறும், இன்சூரன்ஸும் வருஷா வருஷம் அதுக்கேத்த மாதிரி ஏறும். 10 லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கிறவங்களே வசூலிச்சு கட்டுற வருமான வரி, பிடிப்பாங்க, அது மட்டும் வருமான வரி தாக்கல்ல திரும்ப எடுத்துக்கலாம். ஷோரூம்ல இந்தக் கணக்க யாரும் ஆப்ஷன் வாரியா போட்டு காட்ட மாட்டாங்க, நீங்களே ஒரு பேப்பர்ல போட்டு பாருங்க, பாதி டிக் தானா அழிஞ்சுரும்.

இப்ப எத வாங்கணும்னா, காத்து வர்ற சீட், அதாவது வெண்டிலேட்டட் சீட், நம்ம ஊருக்கு இதுதான் முதல் ஆப்ஷன், முன் சீட்டுக்கு மட்டும் வருதா பின் சீட்டுக்கும் வருதான்னு பிரிச்சு கேளுங்க. அடுத்து 360 டிகிரி கேமரா, எந்தப் பக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவு அகலமான வண்டி இது. அடாப்டிவ் ஹெட்லைட், அதாவது ரோட்டுக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்த தானா மாத்திக்கிற லைட், ராத்திரி ஹைவேல ஓட்டுறவங்களுக்கு உசுரு மாதிரி. ஏர் சஸ்பென்ஷன் இருந்தா சுகம்தான், ஆனா வாரண்டி முடிஞ்சப்புறம் அதோட ரிப்பேர் செலவு பெருசு, அஞ்சு வருஷத்துல வண்டிய மாத்துற பழக்கம் இருந்தா எடுங்க, பத்து வருஷம் வெச்சிருக்கிறவங்கன்னா வேண்டாம். பின் ஜன்னலுக்கு வர்ற திரை, அதாவது சன் ப்ளைண்டும் ஃபேக்டரிலயே எடுத்துருங்க, 2012ல சுப்ரீம் கோர்ட் கருப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொன்னதுல இருந்து அத ஒட்டிட்டு வழில போலீஸ்கிட்ட பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

பனோரமிக் ரூஃப் பத்தி எனக்கு கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. குழந்தைங்களுக்கு புடிக்கும், மறு விற்பனையில கேப்பாங்க, எல்லாம் சரி, ஆனா அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் வெளில நிறுத்துன வண்டில ஏறி உக்காந்து தலைக்கு மேல அந்தக் கண்ணாடி கொதிக்கிறத அனுபவிச்சவங்களுக்கு புரியும். கவர்டு பார்க்கிங் வீட்டுலயும் ஆபீஸ்லயும் இருந்தா எடுங்க, இல்லன்னா விட்டுருங்க.

ஷோரூம்லயே போட்டுத் தர்றோம்னு சொல்ற செராமிக் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், மேட், மட் ஃப்ளாப், டேஷ்கேம் எதுவும் அங்க வேணாம், வெளில நல்ல கடைல பாதி விலைக்கு நடக்கும். சீட் கவர் மட்டும் எங்கயும் போடாதீங்க, சீட்டோட பக்கத்துல இருந்து விரியுற ஏர்பேக்க அது தடுக்கும், நீங்க காசு குடுத்து வாங்குன வெண்டிலேட்டட் சீட்டுல இருந்து காத்தும் வராது.

உள் கலர்ல வெள்ளைய பாத்து மயங்குறவங்க நெறைய. புது ஜீன்ஸ் சாயம் ஒட்டும், அம்மா அப்பா மல்லிப்பூ குங்குமத்தோட ஏறுவாங்க. டேன் இல்லன்னா சாம்பல் கலர் எடுங்க, கருப்பு மாதிரி சுடாது, வெள்ளை மாதிரி அழுக்கும் தெரியாது.

இந்த வண்டியும் ஹைபிரிட்தான்னு ஒரு ஷோரூம்ல சொன்னாங்க, விசாரிச்சா மைல்டு ஹைபிரிட்ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?
*வாசகர், மதுரை*

ஒண்ணு இல்லீங்க. மைல்டு ஹைபிரிட்ல 48 வோல்ட் சின்ன பேட்டரியும் ஸ்டார்ட்டர் வேலையும் சேத்து பாக்குற ஒரு மோட்டாரும் இருக்கும், இன்ஜினுக்கு கொஞ்சம் கை குடுக்கும், சிக்னல்ல இன்ஜின் அணைஞ்சு திரும்ப ஸ்டார்ட் ஆகுறது சத்தமில்லாம நடக்கும், அவ்வளவுதான், பேட்டரில மட்டும் வண்டி நகராது. இங்க விக்கிற வோல்வோ எக்ஸ்சி60, மெர்சிடீஸ் ஜிஎல்சி எல்லாம் இந்த வகை. நல்ல வண்டிங்கதான், ஆனா மைலேஜ் கணக்கு போட்டு அத வாங்காதீங்க.

ஸ்ட்ராங் ஹைபிரிட்னா லெக்ஸஸ் என்எக்ஸ் 350எச், ஆர்எக்ஸ் 350எச் மாதிரி. 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முன்னாடி மோட்டார், என்எக்ஸ்ல பின் ஆக்ஸிலுக்குன்னு தனியா ஒரு மோட்டார், முன்னாடியையும் பின்னாடியையும் இணைக்கிற ராடே கிடையாது. ட்ராஃபிக்ல ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைஞ்சு மோட்டார்ல போகும், ப்ரேக் போடும்போது வீணாப் போற சக்தி பேட்டரிக்கு போகும், அதனால சிட்டிக்குள்ள ஓட்டுறவங்களுக்குத்தான் இதுல முழு லாபம், நாலு வழிச்சாலைல நூறுல ஒரே சீரா போறவங்களுக்கு வித்தியாசம் கம்மி. டெஸ்ட் டிரைவ்ல ஒரு தடவ ஆக்ஸிலரேட்டர முழுசா மிதிச்சு பாருங்க, இன்ஜின் சத்தம் சட்டுன்னு ஏறி அங்கயே நிக்கும், கியர் மாறுற உணர்வு இருக்காது. சில பேருக்கு அது புடிக்கவே புடிக்காது, புக் பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது நல்லது.

ப்ளக் இன் வகைன்னா வீட்டுல சார்ஜ் போட இடம் இருக்கிறவங்க மட்டும் யோசிங்க. சார்ஜ் போடலன்னா அந்த பெரிய பேட்டரிய சும்மா சுமந்துக்கிட்டு போறதுதான் மிச்சம்.

பனியன் கம்பெனி நடத்துறேன். கம்பெனி பேர்ல எடுக்கலாம்னு இருக்கேன். ஹைபிரிட்டுக்கு ஜிஎஸ்டி கம்மின்னு சொல்றாங்களே, டெலிவரி லேட் ஆனா பரவால்லயா?
*வாசகர், திருப்பூர்*

அந்தச் சலுகை இப்ப இல்லங்க. முன்னாடி பெரிய ஹைபிரிட்டுக்கு செஸ்ங்கிற கூடுதல் வரியும் சேத்து 43 சதவீதம், சாதாரண பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதம் வரைக்கும் இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து ரெண்டுக்கும் 40தான். அதாவது ஹைபிரிட்டுக்கு மூணு சதவீதம் குறைஞ்சுது, மத்ததுக்கு பத்து குறைஞ்சுது, ஹைபிரிட்டுக்கு இருந்த விலை சாதகம் போயிருச்சு. கார்ல கட்டுன ஜிஎஸ்டிய உங்க பனியன் பில்லுல கழிக்கவும் முடியாது, ஜிஎஸ்டி சட்டப்பிரிவு 17(5) அத தடுக்குது. உத்தரப்பிரதேசம் 2024 ஜூலைல ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு பதிவு வரிய எடுத்துச்சு, நம்ம மாநிலத்துல அப்படி இல்ல.

ஆனா டெலிவரி தேதி உங்களுக்கு முக்கியம். வருமான வரி கணக்குல கம்பெனி காருக்கு வருஷா வருஷம் செலவா கழிச்சுக்கிற தேய்மானம் 15 சதவீதம், ஆனா அந்த நிதியாண்டுல 180 நாளுக்கு கம்மியா பயன்படுத்துனா பாதிதான் கணக்குல எடுப்பாங்க. அதனால அக்டோபர் முதல் ரெண்டு நாளுக்குள்ள ரிஜிஸ்டர் ஆகி ஓட ஆரம்பிச்சா முழுசு, தீபாவளிக்கு டெலிவரின்னா பாதி. 70 லட்ச ரூபா வண்டில முதல் வருஷம் கழிக்கிற தேய்மானத்துல இது அஞ்சு லட்சத்துக்கு மேல வித்தியாசம், வரி கட்டுற விகிதத்த வெச்சு உங்க ஆடிட்டர்கிட்ட கணக்கு கேட்டுட்டு டீலர்கிட்ட தேதி பேசுங்க. புக்கிங் தேதில விலை நிக்காதுன்றதயும் மனசுல வைங்க, பில் போடுற அன்னைக்கு என்ன விலையோ அதுதான், ஜனவரில பொதுவா எல்லா கம்பெனியும் ஏத்துவாங்க.

ஐயா, வண்டி ஆடி ஆரம்பத்துல வந்துரும்னு சொல்றாங்க. எங்க அத்தை ஆடில புது வண்டி வீட்டுக்குள்ள வரக்கூடாதுங்கிறாங்க. ஆவணி வரைக்கும் ஷோரூம்லயே விட்டுவைக்கலாமா?
*வாசகி, ஈரோடு*

தாராளமா வைக்கலாம்மா, பெரியவங்க மனசுக்கு ஒரு குறை இருக்க வேண்டாம். ஆனா நாலு விஷயத்த எழுத்துல வாங்கிக்கோங்க. வண்டி யார்டுல இருக்குறப்ப அடிபட்டா யார் பொறுப்பு, பில் எந்த தேதில போடுறாங்க, வாரண்டியும் இன்சூரன்ஸும் எந்த தேதில இருந்து ஆரம்பிக்குது, அதுவரைக்கும் விலை ஏறுனா யார் தலைல. பணத்த முழுசா கட்டிராதீங்க, வண்டிய போய் பாத்து சேசிஸ் நம்பர குறிச்சுக்கிட்டு வாங்க.

ஹைபிரிட்ல இன்னொரு சங்கதி இருக்கு. பெரிய பேட்டரி ஒரு பக்கம் இருக்க, சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒண்ணும் இருக்கும், அது இறங்கிட்டா வண்டி உயிர் வராது. மாசக்கணக்கா நின்னா அது இறங்கத்தான் செய்யும். வாரம் ஒரு தடவ ப்ரேக் மிதிச்சு பவர் பட்டன அமுக்கி மீட்டர்ல ரெடின்னு வர்ற வரைக்கும் பாத்து, அப்படியே முக்கால் மணி நேரம் விட சொல்லுங்க. ரெடி வராம சும்மா ரேடியோ மட்டும் போட்டு வெச்சா சார்ஜ் ஏறாது, இன்னும் இறங்கும். டெலிவரி எடுக்குறப்ப அந்த 12 வோல்ட் பேட்டரிய டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்க சொல்லுங்க.

வேளச்சேரில இருக்கேன். வெள்ளம் வந்தா ஹைபிரிட்ல ஷாக் அடிக்குமா? இன்சூரன்ஸ் எப்படி எடுக்குறது?
*வாசகர், சென்னை*

2015 டிசம்பரயும் 2023 டிசம்பர்ல வந்த மிக்ஜாம் புயலயும் பாத்தவங்க நீங்க, கேக்குறது நியாயம். ஹை வோல்டேஜ் ஒயர் எல்லாம் ஆரஞ்சு கலர்ல தனியா மூடி இருக்கும், கோளாறு தெரிஞ்சா சிஸ்டம் தானா இணைப்ப துண்டிச்சுரும், மழைத்தண்ணில ஓட்டுறதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா வண்டி முங்கிருச்சுன்னா தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணி பாக்குறதோ, நீங்களே பேட்டரி கிட்ட கை வைக்கிறதோ கூடவே கூடாது, ஃப்ளாட்பெட் வண்டில ஏத்தி சர்வீஸுக்கு அனுப்புங்க. பேஸ்மென்ட் பார்க்கிங்னா மழை எச்சரிக்கை வந்த உடனே மேடான இடத்துக்கு எடுத்துருங்க.

இன்சூரன்ஸ் ஷோரூம்லதான் எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. ஜீரோ டெப்ரிசியேஷன் (பார்ட்ஸுக்கு தேய்மானம் கழிக்காம பணம் தர்றது), இன்ஜின் ப்ரொடெக்ட் (தண்ணி புகுந்து இன்ஜின் போனா கவர்), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுசா போனா பில் விலை தர்றது) மூணும் சேருங்க, ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் தண்ணில போனா கவர் ஆகுமான்னு பாலிசி வாசகத்துல தேடிப் பாருங்க. சில பாலிசில இன்ஜின் ப்ரொடெக்ட்னா இன்ஜின் மட்டும்தான்.

பின் சீட்டுக்கு அடில, பக்கத்துல ஒரு ஜன்னல் மாதிரி காத்து போற வழி இருக்கும், டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட் பலதுல பேட்டரி குளிர்றது அது வழியாத்தான். பையோ போர்வையோ வெச்சு அடைச்சுராதீங்க, சர்வீஸ்ல அந்த ஃபில்டர க்ளீன் பண்ணாங்களான்னு கேளுங்க.

எங்க ஊர்ல சர்வீஸ் சென்டரே இல்ல. வாங்கலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

லெக்ஸஸ் 2017 மார்ச்ல இந்தியா வந்தப்பவே சென்னைலயும் கொச்சிலயும் சர்வீஸ் வெச்சாங்க, உங்களுக்கு கொச்சி பக்கம். 2024 ஜூன்ல இருந்து விக்கிற வண்டிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி குடுக்குறாங்க, அது பெரிய தைரியம். வருஷத்துக்கு ரெண்டு தடவ கொச்சி போக முடியும்னா வாங்குங்க. முடியாதுன்னா உங்க ஊர்லயே சர்வீஸ் இருக்கிற டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்ட ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அதுவும் ஸ்ட்ராங் ஹைபிரிட்தான், நான் மனசார சொல்றேன்.

சொன்ன தேதிக்கு மேல பல மாசம் ஆச்சு, புக்கிங்க கேன்சல் பண்ணா பணம் பிடிப்போம்ங்கிறாங்க. என்ன பண்ண?
*வாசகர், திருச்சி*

புக்கிங் ஃபார்ம்ல டெலிவரி தேதியும் கேன்சலேஷன் விதியும் என்னன்னு முதல்ல படிங்க. அவங்க தேதி தவறியிருந்தா பணத்த முழுசா திருப்பி கேட்டு ஈமெயில் அனுப்புங்க, போன்ல பேசாதீங்க, பதில் எழுத்துல இருக்கணும். பதினஞ்சு நாள் பாருங்க, வரலன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிங்க, தமிழ்லயே பேசலாம். பெரும்பாலும் அங்கயே முடிஞ்சுரும். முடியலன்னா நீங்க கட்டுன தொகை 50 லட்சத்துக்குள்ள இருக்கிறதால திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்கு போடலாம், புக்கிங் ரசீதும் அந்த ஈமெயிலும்தான் முக்கிய ஆதாரம்.