ஏழை நாடுகளின் கிராமங்களுக்கு மலிவான பிராட்பேண்ட் போய்ச் சேர, அரசை நம்புவதா தனியாரை நம்புவதா?

இரண்டு பேரும் வேண்டும். ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டரை, அதாவது பெரிய சாலையிலிருந்து வீடுவரை போகும் இணைப்பை, அங்கே குடியிருக்கிற மக்கள் கையில் கொடுக்காவிட்டால் வேலை நடக்காது. மலேசியாவில் கேபிள் இழுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

நீங்கள் இதைப் பாடமாகப் படிப்பவர் என்று நினைக்கிறேன். "மலேசியா ஏழை நாடே இல்லையே, உனக்கு இதில் என்ன பேச்சு" என்று யாராவது கீழே எழுதுவார்கள். சரி, நாடு ஏழை இல்லை. அப்படி எழுதுகிறவர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் திரும்பும் எங்கள் மண் சாலையில் ஒருமுறை வந்துவிட்டு எழுதட்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடமெல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அப்போது லைன், அதாவது சிக்னல், கிடைக்காது. செம்பனை வளர்ந்து மட்டை விரித்துவிட்டால், அதுவும் மழையில் ஓலை நனைந்திருந்தால், டவரிலிருந்து வரும் அலையைப் பாதி குடித்துவிடும். என் மகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஏறிப் போவார்கள். வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வாட்சாப்பில் போட்டுவிட்டு, அந்தச் சின்னக் கடிகாரக் குறி மறைந்து டிக் விழும்வரை கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அதே நேரத்தில் பெரிய சாலை ஓரமாக ஃபைபர் (இணையத்தைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள்) போய்க்கொண்டிருந்தது. அதை இழுத்தவர்களில் நானும் ஒருவன். தோட்டத்துச் சாலை முனையில், மிச்சக் கேபிளை வளையமாகச் சுற்றிப் போஸ்ட்டில் கட்டியவன் நான்தான். அங்கிருந்து லயத்துக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். கேட்டதற்கு, "தோட்டம் தனியார் நிலம், போஸ்ட் நட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும், வீடுகளும் குறைவு" என்று நிறுவனம் சொன்னது. தோட்டத்து ஆபீஸ் கிராணி (எழுத்தர்) மேலிடத்தில் கேட்பதாகச் சொன்னார். கடிதம் வரவில்லை. பிறகு டவர் வந்து இப்போது லைன் கிடைக்கிறது, ஃபைபர் மட்டும் அந்தப் போஸ்ட்டைத் தாண்டவில்லை. அந்தப் பிள்ளைகள் மேட்டில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏழை நாடுகளிலும் முடிச்சு விழுகிற இடம் இதுதான். 2009-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலடி ஃபைபர் வந்தது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த கென்யா போன்ற நாடுகளில் நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் இணையத்தின் விலை இறங்கியது. கடற்கரை இல்லாத மலாவி, சாட் போன்றவை அண்டை நாடு வழியாகத்தான் கடலடிக் கேபிளைத் தொட முடியும். அதை அரசுகள்தான் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். உள்ளூருக்கு வந்த பிறகு, கேபிள் விலையைவிடப் பள்ளம் தோண்டுவதும் அனுமதியும் போஸ்ட் வாடகையும்தான் காசைத் தின்னும். மின்சாரம் இல்லாத ஊரில் டவருக்கு டீசல் வேறு. அடிப்படை இணையத்தின் விலை தனிநபர் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் 2025-க்கு இலக்கு வைத்தது. இந்தச் செலவையெல்லாம் கட்டணத்தில் ஏற்றினால் அது எப்படி எட்டும்?

என்னோடு வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பி ஒருவர் ஊரில் அம்மாவுக்கு லைன் போட்டுக் கொடுத்திருக்கிறார். அங்கே 2021-இல் நாடு முழுக்க ஒரே விலை என்று அரசு அறிவித்தது, 5 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 500 டாக்கா. அதைவிட எனக்குப் பிடித்தது, மாவட்டம், உபஜிலா (மாவட்டத்துக்குள் ஒரு வட்டாரம்) அளவில் சிறிய ஆட்களுக்கும் உரிமம் கொடுத்ததுதான். அறுந்தால் பக்கத்துத் தெருப் பையனே வந்து ஒட்டிவிடுவானாம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப்பில் மன்கோசி என்ற வறிய ஊரில், மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து, உரிம விலக்கு வாங்கி, சூரிய ஒளியில் ஓடும் வைஃபை பெட்டிகளை வீடுகளில் வைத்து நடத்துகிறார்கள். அதன் பெயர் சென்செலேனி.

கூட்டுறவெல்லாம் படிக்காத மக்களுக்குச் சரிவராது என்று சொல்வார்கள். எங்கள் நாட்டிலேயே வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் பால் எடுத்த தொழிலாளர்கள்) சம்பளத்திலிருந்து பங்குப் பணம் கட்டினார்கள். கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், அது முதல் தோட்டம். தோட்டத்தையே வாங்கிய மக்களுக்கு ஒரு ஃபைபர் பெட்டியை நடத்தத் தெரியாதா?

எங்கள் நாட்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைச் சேவை எட்டாத இடங்களுக்கான நிதிக்குக் கட்டுகின்றன. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. அதில் ஒரு பங்கை இப்படிப்பட்ட சங்கங்கள் நேரடியாகக் கேட்டு வாங்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

   

நீங்கள் எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும், டவர் எத்தனை என்று எண்ணுவதற்கு முன் இதைப் பாருங்கள்: ஊர்ச் சங்கம் உரிமம் வாங்கச் சட்டம் விடுகிறதா, சாலையில் போகும் ஃபைபரிலிருந்து நியாயமான மொத்த வியாபார விலைக்கு அது இணைப்பு எடுக்க முடியுமா, அடுத்தவர் நிலத்தில் போஸ்ட் நட யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்தக் கெடு எங்களுக்கு இருந்திருந்தால், லயத்துக்கு ஃபைபர் எப்போதோ வந்திருக்கும்.