வகுப்பு முடிய ஐந்து நிமிடம்: எந்த விளையாட்டு ஆடலாம்?

கேள்வி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடியும் நேரத்தில், அன்று படித்த சொற்களை வைத்து, எழுத்து எழுத்தாக ஊகித்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'ஹேங்மேன்' ஆடுவோம். கலகலப்பாகத்தான் போகிறது. ஆனால் எப்போதும் அதே இரண்டு மூன்று பேர்தான் பதில் சொல்கிறார்கள். அடுத்த வகுப்பில் கேட்டால் பாதிச் சொற்கள் மறந்துபோயிருக்கின்றன. வேறு என்ன ஆடலாம்?

பதில்: ஹேங்மேனை முதலில் மூட்டை கட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு சொல் தேறினாலே பெரிது. அதிலும் எழுத்தை ஊகித்தே ஜெயித்துவிடலாம், அர்த்தம் தெரிய வேண்டியதில்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். வகுப்பு முடியும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதை நம்பாதீர்கள். எந்த விளையாட்டானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் மூளையைக் கசக்குகிறார்கள்?

அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது 'பலகைக்கு முதுகு'. இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் பலகையைப் பார்க்கக் கூடாது. ஆறு சொற்களை எழுதுங்கள். மற்றவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல், ஜெர்மனிலேயே குறிப்புக் கொடுக்க வேண்டும். சாவி என்றால், "க்ளைன்... மெட்டால்... ட்யூர்!" சிறியது, உலோகம், கதவு. அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் நெற்றியைச் சுருக்கி, "ஷ்லுஸல்!" என்பார். இலக்கணம் தப்பாக இருக்கும், இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் ஆளை மாற்றிப் புதுச் சொற்கள் எழுதுங்கள். சத்தமாகப் பேசும் அந்த மூவரும் இங்கே ஆளுக்கு ஒருவரிடம்தான் பேச முடியும்.

ஜெர்மன் என்பதால் பெயர்ச்சொற்களின் பால் பிரச்சினையும் இருக்கிறது: ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டும் இல்லாததற்கு 'டாஸ்' வரும். கரண்டி டேர், முள்கரண்டி டீ, கத்தி டாஸ்: ஒரே தட்டுக்குப் பக்கத்தில் மூன்று பால்! 'டேர் மூலை, டீ மூலை' என்று ஓடவிட்டால் கூட்டம் கெட்டிக்காரர் பின்னாலேயே ஓடும். கண்ணை மூடி விரல் காட்டச் சொல்லுங்கள்: டேருக்கு ஒன்று, டீக்கு இரண்டு, டாஸுக்கு மூன்று. ஒரு நிமிடம் போதும், யார் திணறுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், அன்றைய சொற்களை மட்டும் எடுக்காதீர்கள். ஆறில் இரண்டு இன்றையது, இரண்டு போன வகுப்பு, இரண்டு போன மாதம். ஒவ்வொன்றையும் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் தேட வேண்டியதில்லை. மதிப்பெண் போடுவது வீண்வேலை என்பது என் கட்சி.

மணி அடித்தும் வராத சொல் இருந்தால், விடையைச் சொல்லிவிட்டு அந்தச் சீட்டை டப்பாவில் மேலே வையுங்கள். அடுத்த வகுப்பில் முதல் கேள்வி அதுதான்.