வாய்க்கால் ஓரத்து மஞ்சள் பூ பூவரசுதானா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் கால்வாய்க் கரையிலும், விடுமுறை நாட்களில் பேரனுடன் பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களிலும் நடப்பது வழக்கம். கைப்பேசிச் செயலி ஒரே மரத்துக்கு மூன்று நாட்களில் மூன்று பெயர்களைச் சொன்னது. மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன்: மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவக்கும் மரம் (எனக்கு அது பூவரசு என்றே படுகிறது), மாங்காய் போலக் காய்க்கும் வெள்ளைப் பூ மரம், ஊதாப் பூச் செடி. இவற்றை எப்படி உறுதியாக அடையாளம் காண்பது? பேரன் கையில் படக்கூடாதவை இவற்றில் உண்டா?

பதில்: பேரனைப் பற்றிய கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். இரண்டாவது படத்தில் இருப்பது காட்டரளி. சிங்களத்தில் கொன் கதுரு என்பார்கள். அதன் காய் மாங்காயைப் போலத் தோன்றினாலும், உள்ளே நாரும் அதற்குள் பருப்பும் கொண்டது. அந்தப் பருப்பில் செர்பெரின் என்னும் நஞ்சு உள்ளது. அது இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. நம் ஊரில் அலரி விதையை உண்டவர்களுக்கு நேர்வதும் ஏறத்தாழ இதே வகைத் தீங்குதான். மரத்தைத் தொடுவதால் ஆபத்தில்லை, ஆனால் கொப்பை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் படக்கூடாது, கீழே விழுந்து கிடக்கும் காயைச் சிறுவர் விளையாட எடுக்கவும் விடக்கூடாது. எவரேனும் தவறிக் கடித்துவிட்டால் வீட்டு வைத்தியமோ வாந்தி எடுக்கச் செய்யும் முயற்சியோ வேண்டாம். அந்தக் காயில் ஒன்றையும் இலையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொழும்புத் தேசிய மருத்துவமனையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது; மருத்துவர்கள் அங்கே ஆலோசனை பெற முடியும், கையில் மாதிரி இருந்தால் அந்த ஆலோசனை விரைவாகக் கிடைக்கும்.

இதை நான் பூவைக் கொண்டு முடிவு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஐந்து வெள்ளை இதழ்கள் காற்றாடி போல ஒருபக்கமாகத் திருகியிருக்கும் பூ, கோயில்களில் காணும் ஈழத்தலரிக்கும் உண்டு, இன்னும் பல மரங்களுக்கும் உண்டு. அவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் படத்தின் மூலையில் தற்செயலாக விழுந்திருந்த காயும், கொப்பின் நுனியில் நெருங்கிச் சுழல் வரிசையில் நிற்கும் பளபளப்பான இலைகளுமே எனக்கு உதவின. பூவின் நடுப்பகுதி மஞ்சளாக இருப்பதால் இது செர்பெரா ஒடொல்லம். நடுப்பகுதி சிவந்திருந்தால் அதன் உடன்பிறப்பான செர்பெரா மங்காஸ் என்று கொள்ளலாம். இரண்டுமே நஞ்சு என்பதால் பேரனைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை.

இனி மஞ்சள் பூவுக்கு வருவோம். வேலியெங்கும் பூவரசு நின்ற ஊரில் வளர்ந்து, அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்களுக்கு, இதய வடிவ இலையும் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டிட்ட மஞ்சள் பூவும் கண்ணில் பட்டால் வேறு பெயர் வாயில் வராது. நீங்கள் நிறமாற்றத்தையும் சான்றாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பூவரசம்பூ வெளிர்மஞ்சளாக விரிந்து ஊதா கலந்த இளஞ்சிவப்பாக வாடும். நீர்ப்பருத்தியும் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி உதிரும். இரண்டும் கடலோரத்திலும் உப்புக் கலந்த நீர்க்கரையிலும் வளரும், இரண்டின் விதைகளும் நீரில் மிதந்து பரவும், இரண்டும் செவ்வரத்தை, பருத்தி, வெண்டி ஆகியவற்றின் குடும்பத்தில் பிறந்தவை. செயலி ஒரு நாள் ஒரு பெயரும் மறுநாள் மற்றதும் சொன்னதில் வியப்பில்லை; அதற்கு நீங்கள் காட்டியது பூவின் முகத்தை மட்டும்தான்.

பூவின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பூவரசின் புல்லி, அதாவது இதழ்களைக் கீழிருந்து தாங்கும் உறுப்பு, விளிம்பில் பிளவே இல்லாத ஒரு சிறு கிண்ணம். கத்தரித்து வைத்ததுபோல் தட்டையாக முடியும். நீர்ப்பருத்தியின் புல்லியோ கூர்நுனி கொண்ட ஐந்து மடல்களாகப் பிரிந்திருக்கும், அதற்குக் கீழே பற்கள் கொண்ட இன்னொரு சிறு வட்டமும் தாங்கி நிற்கும். பூவின் நடுவிலிருந்து நீளும் தண்டின் நுனியில் ஐந்து கருஞ்சிவப்புக் குமிழ்கள் தனித்தனியே தெரிந்தால் அது நீர்ப்பருத்தி. அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே குண்டாந்தடிபோல் முடிந்தால் பூவரசு.

பூ இல்லாத காலத்திலும் இவற்றைப் பிரித்தறியலாம் என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இலையைப் புரட்டி விரலால் தடவினால், நீர்ப்பருத்தியின் அடிப்பக்கம் நுண்ணிய மயிர்களால் சாம்பல் வெள்ளையாக, மெல்லிய கம்பளி போல இருக்கும். பூவரசின் இலை இருபக்கமும் பச்சையாக வழுவழுப்பாக இருந்து, நீண்ட நுனியில் முடியும். நீர்ப்பருத்தியின் இளங்கொப்பில் இலைமொட்டை மூடிக் காக்கும் பெரிய செதில்கள் உதிர்ந்தபின், ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போட்டதுபோல் ஒரு வளையத் தழும்பு மிஞ்சும். பூவரசில் அத்தகைய மோதிரம் இல்லை. காய்ந்த காய் ஐந்தாக வெடித்திருந்தால் நீர்ப்பருத்தி, வெடிக்காமல் கறுத்து மரத்திலேயே தொங்கினால் பூவரசு. உங்கள் மரம் நின்ற இடத்தையும் பூவின் செம்மஞ்சளையும் வைத்து நீர்ப்பருத்தி என்றே கருதுகிறேன்; சிங்களவர் இதைப் பெலிபட்ட என்பார்கள், இதன் பட்டை நாரிலிருந்து கயிறு திரிப்பதும் உண்டு. ஆனால் இலையின் அடிப்பக்கம் படத்தில் இல்லாததால், அந்த ஒரு தடவலை நீங்களே செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஊதாப் பூச்செடியில் எனக்குத் தயக்கமில்லை. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்து, அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும் மூன்று முதன்மை நரம்புகளும் சொரசொரப்பும் கொண்டிருந்தால், அது சிங்களவர் போவிட்டியா என்று அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பூவைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். படத்தில் ஐந்து இதழ்களும், மஞ்சளும் ஊதாவுமாக இரு வகைக் கேசரங்களும் தெரிவதால் இது மெலஸ்டோமா. அதன் பழம் வெடித்துக் கருஊதாச் சதை காட்டும், தின்றால் நாக்குக் கறுக்கும், நஞ்சில்லை. நான்கு இதழும் ஒரே வகைக் கேசரமும் உலர்ந்த காயும் உள்ள ஒஸ்பெக்கியாவே சிங்கள நாட்டு வைத்தியத்தில் ஈரல் நோய்க்குப் பயன்படும் ஹீன் போவிட்டியா. கொலகெந்த என்னும் இலைக்கஞ்சிக்கும் அதன் இலையைத் தேடுவார்கள். எதுவாயினும் நகரக் கால்வாய்க் கரையில் இலை பறித்துக் கஞ்சி காய்ச்ச வேண்டாம். அங்கே செடியைவிட நீரையே அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை, ஏனெனில் கொழும்பில் நாம் இரு மொழிகளுக்கு இடையில் நின்று செடி கேட்கிறோம். பூங்கா ஊழியர் ஒருவர் ‘அரலிய’ என்று காட்டும் மரம் ஈழத்தலரி. நம் காதில் அது ‘அலரி’ என்று விழுந்து, கோயில் பூ நஞ்சுச் செடியாகிவிடும். சிங்களவர் அலரிக்குச் சொல்லும் பெயர் கனேரு. கதுரு என்ற சொல்லும் ஓர் உறவைக் காட்டுவதன்று: கொட கதுரு என்பது எட்டி, திவி கதுரு என்பது கடித்த ஆப்பிள் போலச் செம்மஞ்சள் காய் காய்க்கும் வேறொரு மரம், கொன் கதுரு நமது காட்டரளி. எட்டிக்கு மற்ற இரண்டோடும் குடும்ப உறவில்லை. நஞ்சு என்பதே அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த வகையில் அப்பெயர் அறிவியல் பெயரைவிடத் தாய்மாருக்குப் பயனுள்ளது என்றுகூடச் சொல்வேன். சில பெயர்கள் இங்கிருந்து உலகத்துக்கும் போயிருக்கின்றன: ஒற்றை வெள்ளைப் புல்லி இலைபோல் விரிந்து, சிறிய மஞ்சட் பூவைத் தாங்கும் முசேந்தாவின் அறிவியல் பெயர், சிங்களப் பெயரையே தழுவியது.

காட்டில் நிற்பதெல்லாம் நம் மண்ணுக்குரியது என்றும் எண்ணிவிடக்கூடாது. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பின் சதுப்புகளில், நீங்கள் அடிக்கடி காணப்போகும் மரங்களுள் ஒன்று வெல் ஆத்தா. சீத்தாப்பழத்தின் இனமான அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, இங்குள்ள செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அகன்ற இலைகளும் பெரிய மஞ்சள் பூவுமாக நீரோரத்தில் புதராக நிற்கும் தியபரவும், அதாவது டில்லேனியா சஃப்ருட்டிகோசாவும், மலாய், போர்னியோப் பகுதிகளிலிருந்து வந்ததே. அதன் இலைக்காம்பில் சிறகுபோன்ற விரிவு இருக்கும், காய் வெடித்தால் சிவந்த விண்மீன்போல் தோன்றும். மஞ்சள் பூ என்ற ஒரே காரணத்துக்காக நீர்ப்பருத்தியோடு அதைக் குழப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே செயலியைக் கைவிட வேண்டியதில்லை, அதற்குக் காட்டும் படங்களை மாற்றினால் போதும். முதல் படம் இரண்டு கணுக்களாவது தெரியும் கொப்பாக இருக்கட்டும். இலைகள் மாறிமாறி அமைந்தனவா எதிரெதிரா என்பது அதில் தெரிந்துவிடும். கூட்டிலையா தனியிலையா என்ற ஐயம் வந்தால், மொட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: முள்முருக்கில் மூன்று இலைபோல் தெரிவது உண்மையில் ஓர் இலை, ஏனெனில் மொட்டு அந்த மூன்றும் சேரும் காம்பின் அடியில்தான் உண்டு. திருமண வீட்டுக் கன்னிக்காலுக்கு முள்முருக்குத் தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்து இலையின் அடிப்பக்கம், பூவின் பின்புறம், காய், பட்டை. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றி வைத்தால் அளவும் தெரியும். பால் வடிகிறதா, இலையைக் கசக்கினால் என்ன மணம் வருகிறது என்பனவற்றைப் படம் சொல்லாது. அவற்றை ஒரு சிறு கொப்பியில் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அப்படியும் இனப்பெயர் கிடைக்காவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் இழுக்கில்லை. பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் அடுக்கிய தாள்களிலும் அவ்வாறு குடும்பம் வரை மட்டும் குறித்த மாதிரிகளை வைத்துத் தொழில்முறையாளர்களே திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு.

பூங்காக்களிலும், 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய போன்ற இடங்களிலும் பூ பறிப்பது கூடாது. உதிர்ந்ததை எடுத்துப் பார்க்கலாம், பல வேளைகளில் அதுவே போதும். சமுத்திரப்பழ மரத்தை, சிங்களவர் சொல்லும் தியமிதெல்லவை, எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் பூக்கள் நீண்ட தொங்கு சரங்களில் இரவில் விரிந்து, விடிந்ததும் உதிர்ந்துவிடும். நீங்கள் நடக்கும் காலை ஆறரை மணிக்கு மரத்தில் பூவைத் தேடினால் மொட்டுகளே தெரியும். கீழே பாதையிலும் நீரின் மேலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பரவிக் கிடக்கும் கேசரக் குஞ்சங்களைக் கண்டபின் தலையை நிமிர்த்துங்கள்.